லோரான் கிளேர்: பிள்ளைகளைப் போலவே காது கேளாத ஆசிரியர்

ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவனை எல்லோருக்கும் தெரியும், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களில் வேறு யாரை அறிந்துகொள்ள வேண்டும், அவர் அப்படி என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒருவரைச் சொல் என்றால் யோசிக்காமல் லோரான் கிளேர் என்றுதான் சொல்வேன். பிரான்சில் பிறந்து, அமெரிக்காவில் நாற்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தி, அங்கேயே மறைந்தவர். அவருக்கே காது கேட்காது. அவரை நான் முதலில் நிறுத்துவதற்குக் காரணமே அதுதான்.

அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காது கேளாதவர் எப்படி ஆசிரியராக முடியும் என்ற சந்தேகம் நம் ஊரில் நன்றாகப் படித்தவர்களுக்கே இன்னும் இருக்கிறது. அதற்கான பதில் இருநூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது.

கிளேர் பிறந்தது 1785 டிசம்பர் 26-ல், தென்கிழக்கு பிரான்சில் லியோன் நகரத்திலிருந்து அதிகத் தூரமில்லாத லா பால்ம் என்ற கிராமத்தில். வசதியான குடும்பம். அப்பா பத்திரங்களை எழுதிச் சான்றளிக்கும் நோட்டரி. கிராமத்துக்கு மேயராகவும் இருந்தவர். குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போது கணப்படுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சற்று நேரம் தனியே விட்டிருக்கிறார்கள். பிள்ளை நெருப்பில் விழுந்துவிட்டது. வலது கன்னம் வெந்து, ஆயுசுக்கும் தழும்பு நின்றது. கேட்கும் சக்தியும் முகரும் சக்தியும் போனது அந்த விபத்தால்தான் என்று வீட்டில் நம்பினார்கள். கிளேர் பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, "பெற்றோர் அப்படி நினைத்தார்கள்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஏழு வயதில் அம்மா அவரை லியோனில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். குணப்படுத்திவிடலாம் என்று அந்த வைத்தியர் நம்பிக்கை கொடுத்திருக்கிறார். தினம் இரண்டு வேளை காதில் என்னென்னவோ திரவங்களை ஊற்றினார்கள். இரண்டு வாரம் இப்படியே நடந்தது. போனபோது எப்படியோ வந்தபோதும் அப்படியே. காது கேளாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டர், வைத்தியர், கோயில், வேண்டுதல் என்று அலைந்த எந்தத் தாய்க்கும் இந்தப் பயணம் தெரிந்ததாகவே இருக்கும். வருத்தம் என்னவென்றால், அதற்கப்புறம் ஐந்து வருஷம் வேறெதுவும் நடக்கவில்லை. பன்னிரண்டு வயது வரை அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வான்கோழிகளை ஓட்டிப் போவது, மாடு மேய்ப்பது, குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, இதுதான் வேலை. பத்திரம் எழுதுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் எழுத்து தெரியாது.

1797-ல் அவருடைய உறவினர் ஒருவர் (அவர் பெயரும் லோரான் கிளேர்தான்) பாரிசில் இருக்கும் காது கேளாதோர் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் பள்ளிக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1760 வாக்கில் எப்பே என்ற பாதிரியார், காது கேளாத இரண்டு சகோதரிகளைச் சந்தித்து அவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியதில் பிறந்த பள்ளி அது. காது கேளாத பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வதை அவர் தடுக்கவில்லை. அதையே பாடம் நடத்தும் வழியாக எடுத்துக்கொண்டார். ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் சேர்த்தார். என்ன செய்கிறோம் என்பதை ஊரறியக் காட்டினார். கிளேர் வந்தபோது எப்பே காலமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. சிக்கார் என்ற பாதிரியார் தலைமையில் பள்ளி நடந்துகொண்டிருந்தது.

ஆனால் கிளேருக்கு முதலில் பாடம் சொன்னவர் சிக்கார் இல்லை. ஜான் மாசியூ என்ற இளைஞர். ஆடு மேய்த்த ஏழைக் குடும்பத்துப் பையன். அவரோடு சேர்த்து உடன்பிறந்தவர்கள் ஆறு பேருக்குக் காது கேட்காது. அவரே அந்த வழியில் படித்து, அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராகியிருந்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் வான்கோழிகளோடு கழித்த ஒரு பையன் வகுப்பில் வந்து உட்காருகிறான். எதிரே நிற்கிற ஆசிரியருக்கும் காது கேட்காது. அவர் எழுதுகிறார், படிக்கிறார், கையால் விளக்குகிறார், எல்லோரும் அவரை மதிக்கிறார்கள். "நீயும் பெரியவனானால் இப்படி ஆகலாம்" என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள்தான். தன்னைப் போன்ற ஒரு பெரியவரை அவர்கள் வீட்டில் பார்க்க வாய்ப்பே கிடையாது. பள்ளியில்தான் பார்க்க முடியும்.

பள்ளிப் பிள்ளைகள் கிளேருக்கு ஒரு பெயர்ச் சைகை வைத்தார்கள். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கன்னத்தில் தழும்பு இருக்கும் இடத்தில் கீழ்நோக்கித் தடவுவது. அமெரிக்காவில் காது கேளாதவர்கள் கிளேரைப் பற்றிப் பேசும்போது இன்றும் அந்தச் சைகையைத்தான் போடுகிறார்கள்.

அதே பள்ளியில் பேச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். மார்கரோன் என்ற பாதிரியார் சொல்லிக்கொடுத்தார். கிளேருக்குச் சில ஒலிகள் வந்துவிட்டன, "ta"வும் "da"வும் போல நெருக்கமான ஒலிகளைப் பிரித்துச் சொல்லத்தான் முடியவில்லை. தன் காதில் விழாத வித்தியாசத்தை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு நாள் பாதிரியாருக்குக் கோபம் வந்து மோவாய்க்குக் கீழே ஓங்கி ஒரு அடி வைத்தார். பற்களுக்கு நடுவில் இருந்த நாக்கு கடிபட்டது. பையன் அழுதுகொண்டே போனவன்தான். அந்த வகுப்புக்குத் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து சாகும் வரை கிளேர் வாயால் பேசியதில்லை. கையாலும் எழுத்தாலும் மட்டுமே வாழ்ந்தார். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே இரண்டு கண்டங்களில் புகழ்பெற்ற ஆசிரியரானார். பேச்சுப் பயிற்சி பலித்த பிள்ளைகளும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு வந்தால்தான் அறிவு வரும் என்று நினைக்கிறவர்கள் கிளேர் எழுதியதை ஒரு பக்கமாவது படித்துப் பார்க்க வேண்டும்.

1805-ல் அதே பள்ளியில் உதவி ஆசிரியர், அடுத்த வருஷம் ஆசிரியர், பிறகு மேல் வகுப்புக்கே அவர்தான் பொறுப்பு. அப்படியே பாரிசில் காலம் ஓடியிருக்கும். 1815-ல் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பி வந்ததும் மன்னர் பக்கம் நின்ற சிக்கார், மாசியூவையும் கிளேரையும் அழைத்துக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே மேடை போட்டுக் காட்டினார்கள். கூட்டத்தில் இருக்கிறவர்கள் என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். சிக்கார் அதைச் சைகையில் சொல்வார். மாசியூவும் கிளேரும் பலகையில் பதில் எழுதுவார்கள். அரசு, ஆன்மா, காலம் என்று கேள்விகள் வந்தன. காது கேளாதவர்களுக்குச் சிந்திக்கவே தெரியாது என்று நம்பி வந்த பிரபுக்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மேடைக்கு வெளியே நடந்தது. லண்டனில் இருந்த காது கேளாதோர் பள்ளிக்கு கிளேரை அழைத்துப் போனார்கள். நூற்றைம்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கிளேரின் முகம் மாறிவிட்டது, தூர தேசத்தில் தன் நாட்டு மக்கள் கூட்டத்தைத் திடீரென்று கண்டவர் போலப் பரபரத்தார் என்று உடனிருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் கை அசைத்தார். பிள்ளைகள் பதில் அசைத்தார்கள். இங்கிலாந்துச் சைகையும் பிரெஞ்சுச் சைகையும் வேறு வேறு. அது அவர்களுக்கு ஒரு தடையாகவே இல்லை.

லண்டன் மேடையைப் பார்க்க வந்தவர்களில் தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட் என்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் இருந்தார். மத போதகராகப் படித்தவர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் அவருடைய அண்டை வீட்டுக்காரர் கோக்ஸ்வெல் என்ற மருத்துவர். அந்த மருத்துவரின் மகள் ஆலிஸ் குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் காது கேட்கும் சக்தியை இழந்தவள். அமெரிக்காவில் அப்போது காது கேளாத பிள்ளைகளுக்கு நிலையான பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. ஊர்க்காரர்களோடு சேர்ந்து கோக்ஸ்வெல் பணம் திரட்டி, கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு வா என்று காலடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பிரிட்டனில் இந்தக் கல்வியைக் கையில் வைத்திருந்தது பிரெய்ட்வுட் குடும்பம். அவர்களுக்கு அது குடும்பத் தொழில், முறையோ ரகசியம். பல வருஷம் எங்களிடம் வேலை பார், வெளியே யாருக்கும் சொல்லாதே என்று நிபந்தனை போட்டார்கள். காலடெட் மாதக்கணக்கில் அலைந்து கசந்துபோய், 1816 வசந்தத்தில் பாரிசுக்கு வந்தார். சிக்காரின் பள்ளியில் கதவு திறந்தே இருந்தது. கிளேரே அவருக்குத் தனியாகச் சைகை சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு மூன்று மாதத்தில் ஒரு மொழி வந்துவிடாது என்பது காலடெட்டுக்குச் சீக்கிரமே புரிந்தது. நீங்களே என்னோடு வந்துவிடுங்கள் என்று கிளேரைக் கேட்டார். சிக்காருக்கு அனுப்ப மனமில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளேர் ஊருக்குப் போனால், அம்மாவும் போகாதே என்றார். முப்பது வயது. பாரிசில் மரியாதையான வேலை, நண்பர்கள், தன் மொழி பேசும் கூட்டம் எல்லாம் இருந்தது. தனக்குத் தெரியாத ஆங்கிலம் பேசும் நாட்டில், இன்னும் கட்டாத ஒரு பள்ளிக்காக அதையெல்லாம் விட்டுவிட்டுப் போக ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு. வருஷத்துக்கு 2,500 பிராங்க் சம்பளம். தினம் ஆறு மணி நேரம், சனிக்கிழமை மூன்று மணி நேரம் வேலை, ஞாயிறு விடுமுறை. இலக்கணம், கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் நடத்த வேண்டும். அவர் கத்தோலிக்கர், போகும் ஊர் புராட்டஸ்டன்ட் ஊர். அதனால் தன் மதத்துக்கு மாறானதை நடத்தச் சொல்லக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கிறது.

1816 ஜூன் 18-ல் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து "மேரி அகஸ்டா" என்ற கப்பல் கிளம்பியது. நியூயார்க் போய்ச் சேர 52 நாள். அந்த நாட்களில் கிளேர் காலடெட்டுக்குச் சைகை கற்றுக்கொடுத்தார், காலடெட் அவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். பயிற்சிக்காக கிளேர் தினசரி ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். அது இன்றும் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. பன்னிரண்டு வயதில் எழுத்தே தெரியாமல் இருந்தவர் முப்பது வயதில் கப்பலில் உட்கார்ந்து மூன்றாவது மொழியைக் கற்கிறார் என்பதை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

ஆகஸ்டில் ஹார்ட்ஃபோர்ட். பள்ளி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, முதலில் பணம் வேண்டும். கிளேரும் காலடெட்டும் பாஸ்டன், ஆல்பனி, பிலடெல்பியா என்று ஊர் ஊராகப் போனார்கள். கிளேர் ஆங்கிலத்தில் உரை எழுதுவார், காலடெட் அதைப் படிப்பார், பிறகு கேள்வி பதில். மக்களை மனம் மாற்றியது காலடெட்டின் பேச்சைவிட கிளேர் என்ற மனிதர் எதிரே நின்றதுதான் என்று நினைக்கிறேன். காது கேளாதவர்களுக்குப் படிப்பு வரும் என்று பத்து பேர் மேடையில் வாதாடுவதும், படித்த காது கேளாதவர் ஒருவர் உங்கள் கேள்விக்கு உங்கள் கண் முன்னால் பதில் எழுதுவதும் ஒன்றாகுமா? கனெக்டிகட் சட்டமன்றம் 5,000 டாலர் கொடுத்தது. தனியார் நன்கொடைகளும் சேர்ந்தன.

1817 ஏப்ரல் 15-ல் வாடகைக் கட்டடம் ஒன்றில் ஏழு மாணவர்களோடு பள்ளி திறந்தது. பதிவேட்டில் முதல் பெயர் ஆலிஸ். அந்த ஏழு பேரில் இன்னொருவர் ஜான் ப்ரூஸ்டர். வயது ஐம்பதுக்கு மேல். ஊர் ஊராகப் போய் மனிதர்களை வரைந்து பிழைத்த ஓவியர். அவர் வரைந்த படங்கள் இப்போது அமெரிக்க அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அத்தனை பெயரும் தொழிலும் இருந்தும், பள்ளி திறக்கிறது என்று தெரிந்ததும் சிறுபிள்ளைகளோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஐம்பது வருஷமாகத் தன் மொழியில் பேச ஆள் கிடைக்காத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தாகமாக இருந்திருக்க வேண்டும்.

கிளேர் வகுப்பு நடத்திய விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிப்படை எளிமையானது. பொருளையோ படத்தையோ காட்டு, அதற்கான சைகையைச் செய், விரல் எழுத்தில் (ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல் வடிவம்) கூட்டிக் காட்டு, பலகையில் எழுது, பிள்ளையை எழுதச் சொல். ஒற்றைக் கையால் போடும் பிரெஞ்சு விரல் எழுத்தை அவர்தான் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். எப்பேயும் சிக்காரும் பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வொரு விகுதிக்கும் தனிச் சைகை கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கக் கை ஓய்ந்துவிடும். கிளேர் முதலில் அந்த முறையில்தான் நடத்தினார். போகப் போக ஹார்ட்ஃபோர்டில் அது கைவிடப்பட்டு, பிள்ளைகள் இயல்பாகப் பேசும் சைகையிலேயே பாடத்தை விளக்கி, ஆங்கிலத்தை எழுத்தில் கற்பிக்கும் பழக்கம் வந்தது. இன்று இருமொழிக் கல்வி என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

வந்த பிள்ளைகளும் வெறும் கையோடு வரவில்லை. வீட்டுச் சைகைகளைக் கொண்டுவந்தார்கள். மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவில் பரம்பரையாகக் காது கேளாதவர்கள் அதிகம். அங்கே சில்மார்க் ஊரில் காது கேட்கிறவர்களும் சைகையில் பேசினார்கள். மீன் பிடிக்கிறவர், கடைக்காரர் எல்லோரும். அந்தத் தீவுப் பிள்ளைகள் 1825-லிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு வரத் தொடங்கினார்கள். கிளேரின் பிரெஞ்சுச் சைகையும் தீவுச் சைகையும் மற்ற ஊர்ச் சைகைகளும் விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும் கலந்து உருவானதுதான் அமெரிக்கச் சைகை மொழி. இன்றும் அதன் சொற்களில் பெரும் பங்கு பிரெஞ்சுச் சைகையோடு ஒத்துப்போகிறது. அதே ஆங்கிலம் பேசும் பிரிட்டனின் சைகை மொழியோ அமெரிக்கருக்குப் புரியாது. ஆசிரியர் ஒருவர் கப்பலேறி வந்ததன் விளைவு அது.

1818-ன் தொடக்கத்தில் கிளேர் வாஷிங்டன் போனார். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஹென்றி கிளே அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். உறுப்பினர்கள் வந்து காகிதத்தில் எழுதிக் கேட்க, அவர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதில் எழுதினார். ஜனாதிபதி மன்றோவையும் சந்தித்தார். அடுத்த வருஷம் நாடாளுமன்றம் பள்ளிக்கு 23,000 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. அலபாமாவில் இருந்த அந்த நிலத்தை விற்ற பணத்தில்தான் பள்ளி நிலைத்தது.

அதே 1818 மே மாதத்தில் ஹார்ட்ஃபோர்டில் ஆளுநரும் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்த ஒரு கூட்டத்துக்காக கிளேர் ஓர் உரை எழுதினார், காலடெட் வாசித்தார். நீங்கள் அவரைப் பற்றி ஒன்றே ஒன்று தேடிப் படிப்பதானால் அதைப் படியுங்கள். கடவுள் ஏன் எங்களைக் காது கேளாதவர்களாகப் படைத்தார் என்று கேட்டுக்கொண்டு அவரே பதில் சொல்லிப் போகிறார். வானத்தைப் பாருங்கள், ஒரு நாள் வெயில், ஒரு நாள் மூட்டம். படைப்பு எங்கும் ஒரே மாதிரி இல்லை. நம் கண்ணுக்குக் குறையாகத் தெரிவது நமக்குத் தெரியாமலேயே நன்மையாகவும் இருக்கலாம் என்பது சாரம். இரக்கம் கேட்கிற தொனி அதில் எங்கும் இல்லை. பள்ளிக்குப் பணம் கேட்க வந்த கூட்டத்தில் நின்றுகொண்டு அப்படி எழுத எவ்வளவு தன்மானம் வேண்டும்!

1819-ல் எலைசா போர்ட்மேன் என்ற காது கேளாத பெண்ணை மணந்தார். அவர் அந்தப் பள்ளியின் முதல் மாணவிகளில் ஒருவர். ஆறு குழந்தைகள் பிறந்தன. இரண்டு சிறு வயதிலேயே தவறிவிட்டன. எல்லாக் குழந்தைகளுக்கும் காது நன்றாகக் கேட்டது. கிளேர் இறந்து பதினான்கு வருஷம் கழித்து, 1883-ல், டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொண்டால் காது கேளாத ஓர் இனமே உருவாகிவிடும் என்று விஞ்ஞானிகள் சபையில் கட்டுரை வாசித்தார். பெல்லும் காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியர்தான். அவர் தாய்க்கும் மனைவிக்கும் காது கேட்காது. அன்பில் குறையில்லாத மனிதர், ஆனால் அந்தக் கட்டுரை செய்த கெடுதல் பெரிது.

மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தும் கிளேர் திரும்பவில்லை. பிரான்சுக்கு மூன்று முறை போய் வந்தார், அவ்வளவுதான். 1821-ல் பிலடெல்பியாவில் தடுமாறிக்கொண்டிருந்த பள்ளியைச் சில மாதம் தலைமையேற்று நடத்தினார். சார்லஸ் வில்சன் பீல் என்ற பெரிய ஓவியர் கிளேரையும், கைக்குழந்தையோடு எலைசாவையும் வரைந்தது அங்கேதான். மற்றபடி ஹார்ட்ஃபோர்டில் வகுப்பு, வகுப்பு, வகுப்பு.

அவருடைய பெரிய சாதனை எது என்றால், ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்னதுதான். மற்ற மாநிலங்களில் பள்ளி தொடங்க நினைத்தவர்கள் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்து அவரிடம் சைகை கற்றுக்கொண்டு போனார்கள். கென்டக்கிப் பள்ளியை வளர்த்த ஜேக்கப்ஸ் அப்படிப் போனவர். காது கேளாத மாணவர்களே ஆசிரியர்களானார்கள். ஹார்ட்ஃபோர்டில் படித்த வில்லியம் வில்லர்ட் இந்தியானாவுக்குப் போய் 1840-களில் அந்த மாநிலப் பள்ளியைத் தொடங்கினார். 1870-களில் அமெரிக்கக் காது கேளாதோர் பள்ளிகளின் ஆசிரியர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் காது கேளாதவர்கள். இந்த ஒரு எண்ணுக்காகவே கிளேரை நான் கும்பிடுவேன்.

1858-ல், 72 வயதில், ஓய்வு பெற்றார். 1864-ல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரி தொடங்கியபோது 78 வயதுக் கிழவராக விழாவுக்கு வந்து உரை தந்தார். உலகத்தில் அப்படி ஒரு கல்லூரி அதுதான் முதல். காலடெட் அப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் எட்வர்டுதான் அதன் தலைவர். பிற்பாடு அந்தக் கல்லூரி காலடெட் பெயரைப் பெற்றது. கிளேரின் பெயர் அங்கே இருக்கும் தேசியக் கல்வி மையத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1869 ஜூலை 18-ல் ஹார்ட்ஃபோர்டில் கிளேர் காலமானார். ஐந்து வருஷம் கழித்துப் பள்ளி வளாகத்தில் அவருக்கு மார்பளவு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

அவர் பார்க்காமல் போனதே நல்லது என்று தோன்றும் ஒரு சம்பவமும் உண்டு. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் ஆசிரியர்களின் சர்வதேச மாநாடு நடந்தது. 164 பிரதிநிதிகள், அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பள்ளிகளில் சைகையை ஒழித்துவிட்டுப் பேச்சு முறை மட்டுமே வேண்டும் என்று பெருவாரியாகத் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், கிளேர் போட்ட பாதையில் நடந்தவர்கள். அதன் பிறகு பள்ளி பள்ளியாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கையை அசைத்த பிள்ளைக்கு அடி விழுந்தது. பேச முடியாதவர் பேச்சைக் கற்பிக்க முடியாதல்லவா, அதனால் காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போனது. நாற்பது சதவீதம் முதல் உலகப் போர்ச் சமயத்தில் பதினைந்து சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. கிளேரைப் பார்த்து மாணவர்கள் கற்றுக்கொண்ட அந்தத் தைரியத்தை அடுத்தடுத்த தலைமுறைகள் இழந்தன. மிலான் தீர்மானங்களுக்காக 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே சர்வதேச மாநாட்டில் வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருஷம் ஆயிற்று. காலடெட் பல்கலைக்கழகத்துக்கே காது கேளாத ஒருவர் முதல்முறை தலைவரானது 1988-ல், அதுவும் மாணவர்கள் கேட்டை மறித்துப் போராடிய பிறகு.

நம் ஊரோடு கிளேருக்கு நேரடித் தொடர்பு கிடையாது. இந்தியச் சைகை மொழி வேறு குடும்பம். நம் விரல் எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும். ஆனால் மிலானின் நிழல் இங்கேயும் நீளமாகவே விழுந்தது. பல பள்ளிகளில் இன்றும் வாயைப் பார், உதட்டைப் பார் என்பதுதான் முறை. பிள்ளைகள் விடுதியில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் சைகைதான் அவர்களுக்கு உண்மையான மொழி. காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி), ஹியரிங் எய்ட், ஸ்பீச் தெரபி எதற்கும் நான் எதிரி இல்லை. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டிலேயே சிறு குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் செய்கிறார்கள், அது பெரிய விஷயம். நான் கேட்பதெல்லாம், அது பலித்துப் பேச்சு வரும் வரைக்கும், ஒருவேளை வராமலே போனாலும், பிள்ளை மொழியில்லாமல் இருக்கக் கூடாது என்பதுதான். கிளேர் வான்கோழிகளோடு கழித்த வருஷங்கள் இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்.

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு குழந்தை இருப்பதால் என்றால், ஒரு காரியம் செய்யுங்கள். டாக்டரைப் பார்க்கிற அதே வாரத்தில், உங்கள் ஊரில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் காது கேளாத பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் காது கேளாதோர் சங்கம் இருக்கும், விசாரித்தால் சொல்வார்கள். டெல்லியில் 2015-ல் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், காது கேளாதவர்களையே சைகை மொழி ஆசிரியர்களாக்க டிப்ளமோ படிப்பு நடத்துகிறது. அதை முடித்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தையை அவர் மடியில் விடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் சைகை கற்றுக்கொள்ளுங்கள்.